நியூயார்க்கில் சின்னதாக ஒரு கோ-ஆப் வீடு: ஜாக்சன் ஹைட்ஸில் வாங்கியவன் எழுதும் முழுமையான வழிகாட்டி

வீடு வாங்கியாயிற்று என்று ஊருக்குப் போன் செய்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி: "பத்திரம் யார் பேர்ல?" பத்திரமே கிடையாதுப்பா என்றதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இத்தனை லட்சம் டாலர் கொடுத்துவிட்டு, பட்டாவும் இல்லை, கிரயப் பத்திரமும் இல்லை என்று பிள்ளை சொன்னால் யாருக்குத்தான் அடிவயிறு கலங்காது? அன்று அவருக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். அதன் பிறகு இங்கே வீடு தேடும் நண்பர்கள் பலருக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுதாக எழுதிவிடுகிறேன்.

நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல

கோ-ஆப் என்பது கூட்டுறவுக் குடியிருப்பு. கட்டடம் மொத்தமும் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். அந்தக் கம்பெனியின் பங்குகளைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். பங்குகளோடு ஒரு நீண்டகாலக் குத்தகை ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் குத்தகைதான் இன்ன மாடியில் இன்ன எண் வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. ஆக, நீங்கள் கம்பெனிக்குப் பங்குதாரர், அதே கம்பெனிக்குக் குடித்தனக்காரர். சென்னையில் ஃபிளாட் வாங்கினால் மனையில் யுடிஎஸ் என்று ஒரு பாகமாவது நம் பெயரில் பதிவாகும். இங்கே அதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் இது அசையாச் சொத்தே அல்ல, அசையும் சொத்து.

பெரிய வீட்டுக்கு அதிகப் பங்கு, சின்ன வீட்டுக்குக் குறைவு. வெளிச்சம் நன்றாக வரும் மேல்மாடிக்குக் கொஞ்சம் கூடுதல். மாதம் கட்டும் மெயின்டனன்ஸ் இந்தப் பங்கின் கணக்கில்தான். கட்டடத்தின் சொத்து வரி, கட்டடத்தின் பெயரில் உள்ள கடனுக்கான தவணை, வெந்நீர், குளிர்கால வெப்பம், சூப்பரின் சம்பளம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். சூப்பர் என்பவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். பெரும்பாலும் தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ குடியிருப்பார். நீங்கள் முதலில் நட்பாக வேண்டியவரும் அவர்தான்.

காண்டோ என்றால் நம் ஊர் ஃபிளாட் மாதிரி, வீடு உங்கள் பெயரில் பதிவாகும். பிறகு ஏன் கோ-ஆப்? ஒரே பேட்டையில் அதே அளவு காண்டோவைவிட கோ-ஆப் கணிசமாக மலிவு. அதோடு, நியூயார்க் நகரில் 5 லட்சம் டாலருக்குக் குறைவான கடனோடு காண்டோ வாங்கினால் கடன் தொகையில் சுமார் 1.8 சதவீதம் அடமானப் பதிவு வரியாகவே போய்விடும். கோ-ஆப் கடனுக்கு அந்த வரி இல்லை, ஏனென்றால் வங்கி அடமானமாக எடுப்பது உங்கள் பங்குச் சான்றிதழை. மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த நகரத்தில் திறந்திருக்கும் கதவு பெரும்பாலும் கோ-ஆப்தான்.

ஆனால் அந்தக் கதவில் காவல் உண்டு. கட்டடத்தில் குடியிருப்பவர்களே தேர்ந்தெடுத்த போர்டு உங்களைச் சம்மதிக்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரிச்சர்ட் நிக்சனையே 1979-ல் மன்ஹாட்டன் கோ-ஆப் ஒன்று சேர்த்துக்கொள்ளவில்லை.

ஜாக்சன் ஹைட்ஸ் ஏன்?

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கும் நார்தர்ன் புலவர்டுக்கும் இடையில் இருக்கிறது. 1917-ல் ஏழாம் எண் ரயில் வந்தது. அதை நம்பி குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வயல்வெளியில் ஒரு நகரையே எழுப்பியது. தெருப்பக்கம் செங்கல் கட்டடங்கள். அவற்றின் முதுகுப் பக்கம், தெருவிலிருந்து கண்ணில் படாதபடி, ஒரு பிளாக் நீளத்துக்குத் தோட்டம். 1919, 1920 வாக்கிலேயே இங்கே கூட்டுறவு முறையில் வீடுகள் விற்றார்கள். அதே நிறுவனம் யூதர்களையும் கறுப்பின மக்களையும் உள்ளே விடாமல் ஒதுக்கியது. கோ-ஆப் போர்டுகளுக்கு இருக்கும் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்துக்கு இப்படி ஒரு பழைய முகமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. இன்று அதே தெருக்களில் ஸ்பானிஷ், வங்காளி, திபெத்திய மொழி எல்லாம் காதில் விழுகிறது. 74-ஆம் தெருவில் பச்சை மிளகாயும் முருங்கைக்காயும் கிடைக்கின்றன. ஏழாம் எண் ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், அதன் கீழ்த்தளத்தில் தோசை. 34-ஆம் அவென்யூவில் 2020-லிருந்து 26 பிளாக்குகளுக்குக் காரை ஒதுக்கிவிட்டு மனிதர்களை நடக்க விட்டார்கள். அதன்பிறகு புரூக்ளினிலிருந்தெல்லாம் இளம் ஜோடிகள் இங்கே வீடு தேடி வருகிறார்கள். விலையும் அதற்கேற்ப நகர்கிறது.

1993-ல் இந்தப் பேட்டையின் நடுப்பகுதி வரலாற்றுச் சின்னப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் வாங்கினால் ஜன்னல் மாற்றக்கூட நகரத்தின் சின்னப் பாதுகாப்பு ஆணையத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

முதல் படி: கையிருப்புக் கணக்கு

வங்கி எவ்வளவு கடன் தரும் என்பதோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். போர்டின் அளவுகோல் வங்கியுடையதைவிடக் கறாரானது. பொதுவாக மூன்று விஷயம் பார்ப்பார்கள்.

ஒன்று, முன்பணம். குறைந்தது 20 சதவீதம், பல கட்டடங்களில் 25. மன்ஹாட்டனின் சில பழைய கட்டடங்களில் பாதிப் பணம் கேட்பார்கள். இரண்டு, மாதச் செலவு. கடன் தவணை, மெயின்டனன்ஸ், கார் லோன், படிப்புக் கடன் எல்லாம் சேர்த்து வரிக்கு முந்தைய வருமானத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். மூன்றாவதில்தான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். வீடு வாங்கி எல்லாச் செலவும் போனபிறகு கையில் என்ன மிச்சம்? ஒன்றிலிருந்து இரண்டு வருடத் தவணையும் மெயின்டனன்ஸும் கட்டும் அளவு ரொக்கமோ, உடனே விற்கக்கூடிய ஷேரோ இருக்க வேண்டும் என்பார்கள். ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணத்தைப் பல போர்டுகள் இதில் சேர்ப்பதில்லை.

கணக்குக்கு 4 லட்சம் டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 80,000. மீதி 3,20,000 கடன், 30 வருடம், வட்டி 6.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 2,020. மெயின்டனன்ஸ் 900. ஆக மாதம் 2,920. இது வருமானத்தில் 28 சதவீதமாக இருக்க, வேறு கடனே இல்லாத வீட்டில்கூட ஆண்டு வருமானம் 1,25,000 வேண்டும். கையிருப்பு ஒரு வருடத்துக்கு 35,000, இரண்டு வருடம் என்றால் 70,000. வக்கீல், வங்கி, நிர்வாகக் கம்பெனி, வில்லங்கம் பார்க்கும் செலவு என்று இன்னும் 6,000 முதல் 8,000. அதாவது 80,000 சேர்த்துவிட்டோம், கிளம்பலாம் என்று நினைக்கிறவருக்கு உண்மையில் தேவைப்படுவது 1,20,000-க்கு மேல். நானே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகு தேடலை ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். சரியான முடிவு.

ஊரில் நிலத்தை விற்றோ அப்பா அம்மாவின் சேமிப்பிலிருந்தோ பணம் வருகிறதென்றால் சீக்கிரமே கொண்டுவந்துவிடுங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்காக இந்திய வங்கிகளில் இருக்கும் என்ஆர்ஓ கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், அதிலிருந்து வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை கொண்டுவரலாம், ஆடிட்டரின் சான்றிதழோடு. பெற்றோர் தரும் அன்பளிப்பு வருடத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் அமெரிக்க வருமான வரித் துறைக்கு 3520 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு வரி இல்லை. ஆனால் தெரிவிக்காமல் விட்டால் அபராதம் பெரிது. வங்கி கடைசி இரண்டு மாதக் கணக்கைக் கேட்கும். அந்த இரண்டு மாதத்தில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுந்தால் எங்கிருந்து, யார், திருப்பித் தர வேண்டுமா என்று கடிதத்துக்கு மேல் கடிதம். போர்டும் அதையே கேட்கும். பணம் மூன்று மாதத்துக்கு முன்பே வந்து கணக்கில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் இந்தத் தலைவலி பாதிக்கு மேல் குறையும்.

கடன் முன்னனுமதிக் கடிதம் வாங்கும்போது, நியூயார்க் கோ-ஆப்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய வங்கியாகப் பாருங்கள். வேறு மாநிலத்து ஆன்லைன் வங்கி வட்டியில் கால் சதவீதம் குறைத்துக் கொடுக்கலாம். ஆனால் பங்கை அடமானம் வைக்கும் முறையே அவர்களுக்குப் புரியாமல் இழுத்தடித்து, ஒப்பந்தக் கெடு தாண்டிப்போன கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: பார்க்கப் போவது

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓப்பன் ஹவுஸ் வைப்பார்கள். அந்த நேரத்தில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். பிடித்த கட்டடத்துக்கு வார நாளில் காலை 7 மணிக்கு ஒரு தடவை, இரவு 10 மணிக்கு ஒரு தடவை போய் வாசலில் நில்லுங்கள். ரூஸ்வெல்ட் அவென்யூவில் தலைக்கு மேல் ஓடும் ரயிலின் சத்தம் இரண்டு தெரு தள்ளியும் கேட்கிறதா என்று அப்போதுதான் தெரியும். காலையில் குப்பையை யார் எடுத்து வைக்கிறார், விளக்குகள் எரிகின்றனவா, லிஃப்டில் என்ன அறிவிப்பு ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். "வெந்நீர் இன்று நிறுத்தப்படும்" என்ற தாளுக்குக் கீழே அதே மாதிரி மூன்று பழைய தாள்களின் டேப் தழும்பு இருந்தால், அதுவும் ஒரு தகவல்தான்.

வீட்டுக்குள் போனதும் குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். 1920, 30-களின் கட்டடங்களில் குழாய்கள் சுவருக்குள் மாடிக்கு மாடி நேர்க்கோட்டில் ஏறுகின்றன. உங்கள் வீட்டுக்குள் எல்லாம் புதிதாக இருந்தாலும், சுவருக்குள் இருப்பது நூறு வயதுக் குழாயாக இருக்கலாம். பெரும்பாலும் அதனால்தான் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் வைக்க விடுவதில்லை. அடித்தளத்தில் பொது மெஷின்கள் இருக்கும்.

அப்புறம், அடுப்பங்கரை. இதை நான் விடாமல் சொல்வேன். இந்தப் பேட்டையின் பழைய வீடுகளில் அடுப்புக்கு மேல் உள்ள புகைப்போக்கி பல நேரம் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும். நாம் தாளிக்கிறவர்கள். மிளகாய் வற்றல் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் தும்முவார். சமையலறையில் ஜன்னல் இருக்கும் வீடாகத் தேடுங்கள். ஜாக்சன் ஹைட்ஸின் பழைய தளவமைப்பில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. என் மனைவி 11 வீடு பார்த்ததில் 6 வீட்டை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளினாள்.

சின்ன வீடு என்பதால் அளவை நம்பாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். கோ-ஆப் விளம்பரங்களில் வரும் சதுர அடி பெரும்பாலும் யாரோ உத்தேசமாகச் சொன்னது, பங்குச் சான்றிதழில் சதுர அடி இருக்காது. அளவு நாடாவை எடுத்துப் போய் கட்டில் வைக்கும் சுவரை அளந்துவிடுங்கள்.

பேசும்போதே புரோக்கரிடம் சில விதிகளையும் கேட்டுவிட வேண்டும். வாடகைக்கு விடலாமா? பல கட்டடங்களில் முதல் இரண்டு வருடம் விடவே கூடாது, அதன்பிறகும் ஐந்து வருடத்துக்கு இரண்டு வருடம் மட்டும் என்பது போலக் கட்டுப்பாடு இருக்கும். விசாவில் இருப்பவர்களுக்கு இது வாழ்க்கைக் கேள்வி. வேலை போய் திடீரென்று ஊர் திரும்ப வேண்டி வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு மெயின்டனன்ஸ் கட்டிக்கொண்டிருக்க முடியாது. பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்கலாமா? தரையில் 80 சதவீதம் கம்பளம் விரிக்க வேண்டுமா? விற்கும்போது ஃப்ளிப் டாக்ஸ் என்று கட்டடம் எவ்வளவு எடுத்துக்கொள்ளும்? ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் வரை இருப்பது சகஜம், வழக்கமாக விற்பவர் தலையில்.

விளம்பரத்தில் எச்டிஎஃப்சி (நம் ஊர் வங்கி இல்லை, இங்கே அது ஒரு வகைக் கோ-ஆப்) என்று போட்டு விலை அதிசயமாகக் குறைவாக இருந்தால் நின்று யோசியுங்கள். உரிமையாளர்கள் கைவிட்டுப் போன கட்டடங்களை நகரம் எடுத்து, குடியிருந்தவர்களுக்கே வீடு 250 டாலர் என்று கொடுத்த காலம் ஒன்று உண்டு. அப்படி வந்த கோ-ஆப்கள் இவை. வருமான உச்சவரம்பு இருக்கும். சேமிப்பு நிறைய உள்ளவர்களாக, ஆனால் வருமானம் குறைந்தவர்களாக இருந்தால்தான் பொருந்தும். 'லேண்ட் லீஸ்' என்று கண்ணில் பட்டால் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: வேண்டாம். கட்டடம் நிற்கும் மனை வேறொருவருடையது, குத்தகை புதுப்பிக்கும் அன்று மெயின்டனன்ஸ் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: கட்டடத்தின் கணக்குப் புத்தகம்

விலை பேசி, விற்பவர் சரி என்றாலும் நியூயார்க்கில் அது வாய்ப்பேச்சுதான். இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வரை அவர் வேறொருவருக்கு விற்கலாம், நீங்களும் விலகலாம். இந்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் உங்கள் வக்கீல் கட்டடத்தை அலச வேண்டும். கோ-ஆப் வேலையே செய்கிற வக்கீலாகப் பிடியுங்கள். 2,500 முதல் 4,000 டாலர் ஆகும். இந்த மொத்தச் செலவிலும் நான் மனதாரக் கொடுத்த பணம் அதுதான்.

முதலில் எங்களுக்குப் பிடித்தது வேறொரு வீடு. மரத்தரை மின்னியது, சமையலறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தது, மெயின்டனன்ஸ் 780 மட்டுமே. ஐந்து வருடமாக ஏற்றவே இல்லை என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னார். எங்கள் வக்கீல் இரண்டு வருடத் தணிக்கை அறிக்கையை வாங்கினார். பக்கம் புரட்டி, கடைசியில் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளில் ஒன்றில் பேனாவை வைத்தார். கட்டடத்தின் பெயரில் 30 லட்சம் டாலர் கடன், வட்டி 3.2 சதவீதம், அசலில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. முதிர்வுத் தேதிக்கு 14 மாதம்தான் இருந்தது.

என்ன அர்த்தம் என்று அவரே தாளில் போட்டுக் காட்டினார். இப்போது வட்டி வருடத்துக்கு 96,000. புதுக் கடன் 6.5 சதவீதத்தில் எடுத்தால் 1,95,000. வித்தியாசம் 99,000. வீடுகள் 60. தலைக்கு மாதம் 137 டாலர். அதற்கு மேல் போர்டு கூட்டக் குறிப்புகளைப் படித்தார். மூன்று கூட்டங்களாக மேற்கூரைக் கசிவு பேச்சு, காண்ட்ராக்டரின் மதிப்பீடு, "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்". கையிருப்பு நிதியோ ஒரு மாதச் செலவுக்குக்கூடக் காணாது. கூரை வேலை வந்தால் அசெஸ்மென்ட் என்று எல்லோரிடமும் தனியாக வசூலிப்பார்கள். ஐந்து வருடம் ஏற்றாத மெயின்டனன்ஸ் நல்ல நிர்வாகத்தின் அடையாளம் இல்லை, வரவேண்டிய செலவை அடுத்தவர் தலைக்குத் தள்ளிவிட்டதன் அடையாளம் என்று அன்று கற்றேன். மனைவிக்கு அந்த ஜன்னலை விட மனசே இல்லை. விட்டுவிட்டோம்.

அதனால் வக்கீலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள், கூடவே உட்கார்ந்து படியுங்கள். கட்டடக் கடன் எவ்வளவு, எப்போது முதிர்கிறது, கையிருப்பு நிதி எவ்வளவு, யாராவது மாதக்கணக்கில் பாக்கி வைத்திருக்கிறார்களா, வழக்கு ஏதாவது உண்டா, முதலில் கட்டடத்தைக் கோ-ஆப்பாக மாற்றி விற்ற ஸ்பான்சர் கையில் இன்னும் எத்தனை வீடு இருக்கிறது. ஸ்பான்சரிடமே பாதி வீடு இருந்தால் பல வங்கிகள் அந்தக் கட்டடத்துக்குக் கடனே கொடுக்காது. வரவு செலவுத் திட்டத்தில் 10 சதவீதமாவது கையிருப்பு நிதிக்குப் போகிறதா என்று வங்கியும் பார்க்கும்.

நகரச் சட்டங்கள் இரண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1979-ல் ஒரு கல்லூரி மாணவி, மேலிருந்து உடைந்து விழுந்த கட்டடத் துண்டு தாக்கி இறந்தார். அதன்பிறகு, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சுவரைப் பரிசோதித்துச் செப்பனிட வேண்டும் என்று சட்டம் வந்தது. நடைபாதைமேல் வருடக்கணக்கில் நிற்கும் அந்தச் சாரங்கள் பெரும்பாலும் இதனால்தான். செலவு லட்சங்களில் போகும். ஜாக்சன் ஹைட்ஸின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் ஐந்தாறு மாடி என்பதால் இந்தச் சுற்றிலிருந்து தப்பிக்கின்றன. மற்றது 2019-ன் 97-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு 2024 முதல் வரம்பு, 2030 முதல் இன்னும் கடுமையான வரம்பு. தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். பழைய பாய்லரில் எண்ணெய் எரிக்கும் கட்டடம் என்றால், 2030-க்கு என்ன திட்டம் என்று கேட்டுவிடுங்கள். போர்டு அதைப் பற்றிப் பேசவே இல்லை என்பதும் ஒரு பதில்தான்.

நான்காம் படி: ஒப்பந்தம்

விலையில் 10 சதவீதம் அட்வான்ஸ். அது விற்பவர் கைக்குப் போகாது, அவருடைய வக்கீலின் தனிக் கணக்கில் இருக்கும். இரண்டு நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள். போர்டு மறுத்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும், இது வழக்கமாகவே இருக்கும். வங்கி குறிப்பிட்ட நாளுக்குள் கடன் தராவிட்டாலும் திரும்ப வேண்டும், இதைக் கேட்டு வாங்க வேண்டும். போட்டி அதிகமுள்ள பேட்டைகளில் இரண்டாவதை விட்டுக்கொடுத்தால் வீடு உங்களுக்கு என்று புரோக்கர் ஆசை காட்டுவார். 40,000 டாலரைப் பணயம் வைக்கும் நிலையில் சம்பளக்காரர் யாரும் இல்லை.

ரொம்பவும் அடித்துப் பேசி விலை குறைத்தால் அதுவே எதிராகத் திரும்பலாம் என்பதும் கோ-ஆப்பின் விசித்திரம். தங்கள் வீடுகளின் மதிப்பு இறங்கிவிடும் என்று விலையைக் காரணமாக வைத்தே மறுக்கும் போர்டுகள் உண்டு. 2006 முதல் கோ-ஆப் விற்பனை விலைகள் நகரத்தின் சொத்துப் பதிவு இணையதளமான அக்ரிஸில் பொதுவில் கிடைக்கின்றன. அதே கட்டடத்தில் கடைசி நான்கைந்து விற்பனையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: போர்டுக்கான விண்ணப்பக் கட்டு

எங்களுடையது 214 பக்கம் வந்தது. இரண்டு மூன்று வருட வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, எல்லா வங்கிக் கணக்கும் எல்லாப் பக்கமும், வேலைக் கடிதம், இப்போதைய வீட்டுக்காரரின் கடிதம், வங்கியின் கடன் உறுதி, நண்பர்களிடமும் அலுவலகத்திலும் வாங்கிய பரிந்துரைக் கடிதங்கள். அவற்றோடு சொத்தும் கடனும் ஒரே தாளில் காட்டும் பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும், டாலர் கணக்கு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஒரு கணக்கில் 41,300 என்று எழுதிவிட்டு ஸ்டேட்மென்ட்டில் 39,870 இருந்தால், வித்தியாசம் சின்னதுதான், ஆனால் படிக்கிறவர் பேனாவை எடுத்துவிடுவார்.

பரிந்துரைக் கடிதத்தில் நம்மவர்கள் "மிகவும் நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். படிப்பவர்கள் உங்கள் வருங்கால அண்டை வீட்டார். நீங்கள் எப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரர் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். மேல்வீட்டுப் பாட்டிக்குப் பனிக்காலத்தில் சாமான் வாங்கிக் கொடுத்தது, எட்டு வருடம் ஒரு மாத வாடகைகூடத் தாமதமாகாதது, இப்படி நடந்ததை எழுதச் சொல்லுங்கள். ஊரில் உள்ள சொத்துக்களைப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் போர்டு அதைக் கையிருப்பாக எண்ணாது.

ஆறாம் படி: நேர்காணல்

அழைத்துவிட்டார்கள் என்றால் கணக்கு வழக்கில் அவர்களுக்குத் திருப்தி, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எங்களை அடித்தளத்தில் துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். மடக்கு நாற்காலிகள், நான்கு பேர், மேஜைமேல் எங்கள் 214 பக்கம். சுவருக்கு அப்பால் டிரையர் ஓடும் சத்தம். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை கேட்டார்: "பரிந்துரைக் கடிதத்தில் உங்கள் பையன் ஏதோ மேளம் கற்கிறான் என்றிருக்கிறதே?" மிருதங்கம். மனைவி என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்கவில்லை. வீட்டு விதிகளை முன்கூட்டியே படித்திருந்தோம். இரவு 9 மணிக்கு மேல் இசைக்கருவி கூடாது என்பது 14-ஆவது விதி. "மாலை 5-லிருந்து 6 வரை, கனமான விரிப்பின்மேல் உட்கார்ந்துதான் வாசிப்பான். உங்கள் 14-ஆவது விதி எங்களுக்கு வசதியாகவே இருக்கிறது" என்றாள். ஆசிரியை ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

கேட்டதற்கு மட்டும் பதில், சுருக்கமாக. பொய் வேண்டவே வேண்டாம். சுவரை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்கப் போகிறேன் என்று அங்கே ஆரம்பிக்காதீர்கள். கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேல் குளியலறையோ சமையலறையோ வரக்கூடாது என்று பல கட்டடங்களில் விதி உண்டு, அதையெல்லாம் பின்னால் தனி ஒப்பந்தம் போட்டுத்தான் செய்ய வேண்டும். மெயின்டனன்ஸ் ஏன் அதிகம் என்றும் அங்கே கேட்க வேண்டாம். அந்தக் கேள்விகளை வக்கீல் முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும். மதம், பிறந்த நாடு, குழந்தை பெறும் உத்தேசம், குடியுரிமை நிலை இவற்றை வைத்து மறுப்பது நகரத்தின் மனித உரிமைச் சட்டத்துக்கு விரோதம். அப்படிக் கேள்வி வந்தால் மறக்காமல் வீட்டுக்கு வந்து எழுதி வையுங்கள், வக்கீலிடம் சொல்லுங்கள்.

எங்களுக்கு ஆறாம் நாள் சம்மதம் வந்தது. சில கட்டடங்களில் கூட்டம் மாதம் ஒன்றுதான், கோடையில் அதுவும் இல்லை. ஒப்பந்தத்திலிருந்து சாவி கைக்கு வர இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு இப்போதைய வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுங்கள்.

சாவி வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

நிர்வாகக் கம்பெனியின் அலுவலகத்தில் ஒரு மணி நேரக் கையெழுத்து வேலை. விற்பவரின் பழைய பங்குச் சான்றிதழை ரத்து செய்து உங்கள் பெயரில் புதிது போடுவார்கள். கடன் இருந்தால் அசல் சான்றிதழும் குத்தகையும் வங்கிக்குப் போய்விடும், பிரதி மட்டும் உங்களுக்கு. அந்தப் பிரதியைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கி எங்கள் பெயரைப் படித்தபிறகுதான் அவருக்கு மனசு ஆறியது. 10 லட்சம் டாலருக்குக் குறைவான வீடு என்பதால் மேன்ஷன் டாக்ஸ் என்ற கூடுதல் வரி உங்களுக்கு வராது.

குடிபோவதற்கு முன் சூப்பரிடம் நாள் கேளுங்கள். வார நாளில் 9 முதல் 5 வரை மட்டும், லிஃப்டுக்குத் துணி கட்ட வேண்டும், சேதத்துக்கு ஒரு டெபாசிட் என்று பெரும்பாலும் விதி இருக்கும். வீட்டுக்குள்ளிருக்கும் பொருளுக்கும், உங்கள் குழாய் வெடித்துக் கீழ்வீடு நனைந்தால் வரும் பொறுப்புக்கும் தனி இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள், கட்டடத்தின் இன்ஷூரன்ஸ் அதைத் தாங்காது. நீங்களே குடியிருக்கிறீர்கள் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தால் நகரத்தின் சொத்து வரிச் சலுகை கிடைக்க வாய்ப்பு உண்டு. மாநில அரசின் ஸ்டார் என்ற வரிச் சலுகைக்கு நீங்களே தனியாகப் பதிய வேண்டும். வருடத் தொடக்கத்தில், உங்கள் மெயின்டனன்ஸில் எவ்வளவு சொத்து வரி, எவ்வளவு கடன் வட்டி என்று பங்குக்கு இத்தனை டாலர் கணக்கில் ஒரு கடிதம் வரும். வரித் தாக்கலில் கழிவு கேட்க அதுதான் ஆதாரம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிசம்பரில் சூப்பருக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் உறையில் பணம் வைத்துக் கொடுப்பது இங்கே தீபாவளி இனாம் மாதிரி, தவறவிடக் கூடாது.

வருடாந்திரக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் தணிக்கை அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் கட்டடத்தில் அதே துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்து அறைதான். கோரம் சேராமல் முதல் வருடக் கூட்டம் தள்ளிப்போயிற்று. இரண்டாம் வருடம் நானும் மனைவியும் எங்கள் மாடியில் எட்டு வீட்டுக் கதவைத் தட்டி வாக்குச்சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். கட்டடக் கடன் எப்போது முதிர்கிறது என்று அந்தக் கூட்டத்தில் முதலில் கை தூக்கிக் கேட்டது என் மனைவி.